உடன்பிறந்தோர் இருவர் சேர்ந்து கருத்துநகை செய்யும் முறை: குறிப்பேடு முதல் உடல் வரை

ஒரு கருத்தைச் சொல்வதற்காகவே செய்யப்படும் நகையையும், உடலில் ஏறினால் மட்டுமே முழுமை பெறும், அணியும் கலைப் பொருளையும் இந்த வழிகாட்டியில் கருத்துநகை என்றே குறிப்பிடுகிறேன். அதை அக்காவும் தம்பியும், அண்ணனும் தங்கையும், அல்லது இரட்டையர் இருவரும் சேர்ந்து செய்யும்போது எந்த வேலையை எதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதே இங்கே பேசப்படுவது. நானும் என் தம்பியும் பல ஆண்டுகளாக ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். பழக வந்த உடன்பிறந்தோர் பலரும் ஏறக்குறைய ஒரே இடங்களில் இடறியதைப் பார்த்த பிறகே இந்த வரிசையை எழுத முனைந்தேன்.

உலோகத்தை அறுக்கவும், அராவவும், பொடி வைத்து ஊதவும் (பொடி என்ற இணைப்பு உலோகத்தை நெருப்பால் உருக்கி இரு துண்டுகளை ஒட்டவும்) இருவரில் ஒருவருக்காவது தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். தெரியாதவர்களும் முதல் ஐந்து படிகளைக் காகிதம், கம்பி, களிமண் ஆகியவற்றைக் கொண்டே செய்து பார்க்கலாம். உண்மையில் பெரும்பாலான தவறுகள் அந்த ஐந்து படிகளைச் செய்யாமல் தாண்டிச் சென்றதால்தான் நேர்கின்றன.

1. வேலைக்கு முன் மேசையில் இருக்க வேண்டியவை

பக்க எண் இட்ட குறிப்பேடு ஒன்று வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒன்றே போதும், ஒன்றே இருக்கவும் வேண்டும். ஆளுக்கொரு குறிப்பேடு வைத்துக்கொண்டால், மூன்றாவது வாரத்தில் இரண்டிலும் இரு வேறு நகைகள் வளர்ந்திருக்கும்.

0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, ஆளுயரக் கண்ணாடி, மி.மீ.யின் பின்னத்தையும் அளக்கும் வெர்னியர் அளவி ஒன்றே ஒன்று ஆகியவை அடுத்தவை. இவற்றோடு மெல்லிய பருத்திச் சட்டை, பின்னலாடை, தடித்த மேலங்கி என மூன்று வகைத் துணிகளையும் எடுத்து வையுங்கள். நகை தோலில் மட்டும் தங்குவதில்லை. துணியின் மேலும் அடியிலும் அது நகரும். அந்த நகர்வை வரைபடத்தில் காண முடியாது.

கடைசியாக, இருவரும் கட்டாயம் ஒன்றாக இருக்கும் நேரம் ஒன்றை வாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்தோர் எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்பதாலேயே நகையைப் பற்றி முறையாகப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

2. முதல் நாள் உடன்படிக்கை

அறிமுகமில்லாத இரு கலைஞர்கள் சேரும்போது ஒப்பந்தம் எழுதுவது இயல்பாகவே நடக்கிறது. உடன்பிறந்தோருக்கோ எழுதிக் கேட்பது நம்பிக்கையின்மையைப் போலத் தோன்றுகிறது; எனவே எழுதாமலே தொடங்கி, பணமோ பெயரோ குறுக்கிடும் நாளில் முதன்முறையாக அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். அந்த நாளில் பேசப்படுவது நகையைப் பற்றி மட்டுமாக இருப்பதில்லை, சிறு வயதுக் கணக்குகளும் சேர்ந்தே வெளிவருகின்றன. நகையின் முதல் கோட்டை வரையும் முன்பே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

அந்தப் பக்கத்தில் பொருளுக்கான செலவை யார் எவ்வளவு ஏற்கிறார்கள், விற்றால் எப்படிப் பிரிப்பது, பெயர்கள் எந்த வரிசையில் வரும், ஒருவர் பாதியில் விலகினால் முடியாத வேலை யாரிடம் இருக்கும் ஆகியவை இடம்பெற வேண்டும். செலவழித்த நேரத்தை எண்ணிப் பிரிப்பதா, சரிபாதியாகப் பிரிப்பதா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். நாங்கள் சரிபாதியைத் தேர்ந்தெடுத்தோம். நேரத்தை எண்ணத் தொடங்கினால் யோசிக்கும் நேரத்தை யாரும் எண்ணுவதில்லை என்பது எங்கள் அனுபவம்.

இறுதி முடிவு யாருடையது என்பதே இந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வரி. அக்கா, அண்ணன், தம்பி, தங்கை என்று அழைக்கும்போதே மூத்தவர் யார், இளையவர் யார் என்பதும் சேர்ந்தே ஒலிக்கிறது. பட்டறையில் கருத்து வேறுபாடு வரும்போது மூத்தவரின் சொல் தானாகவே மேலேறிவிடுகிறது. இதைத் தடுக்க, ஒவ்வொரு நகைக்கும் ஒருவரைப் பொறுப்பாளராக எழுதி வைத்து, அடுத்த நகைக்கு மற்றவரை வையுங்கள். உலோகத்தை அறுக்கும்வரை இருவரில் எவரும் வேலையை நிறுத்தலாம், அறுத்த பிறகு பொறுப்பாளரின் முடிவே முடிவு என்ற விதி எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டிருக்கிறது.

குடும்ப நினைவையோ, பெற்றோரின் கடிதத்தையோ, மற்றோர் உடன்பிறப்பின் படத்தையோ நகையில் பயன்படுத்துவதாக இருந்தால், அவர்களுடைய சம்மதத்தையும் இப்போதே கேட்டுப் பெறுங்கள். அந்த நினைவு உங்கள் இருவருக்கு மட்டும் சொந்தமானதாக இருக்காது.

3. கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

இனி நகையின் கருத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் உடலோ அணிதலோ கட்டாயம் இடம்பெற வேண்டும். 'எங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிய கழுத்தணி' என்பது இந்தப் படிக்குப் போதாது, ஏனெனில் அதைக் கழுத்தில் போட்டாலும் மேசையில் வைத்தாலும் பொருள் மாறாது.

சோதிக்கும் வழி எளிது. நகையை மேசையில் வைத்துவிட்டுக் கருத்து முழுமையாகப் புரிகிறதா என்று கேளுங்கள். புரிந்துவிட்டால் நீங்கள் நினைத்திருப்பது சிறிய சிற்பம். உடல் இல்லாமல் கருத்து நிறைவேறாது என்றால்தான் அது நகையாக இருக்கத் தேவை இருக்கிறது. நெதர்லாந்துக் கலைஞர் கீஸ் பாக்கர் 1973இல் மெல்லிய தங்கக் கம்பியை உடலில் இறுகச் சுற்றி, கழற்றிய பின் தோலில் பதிந்த தடத்தையே நகையாகக் காட்டினார். சுவிட்சர்லாந்துக் கலைஞர் ஓட்டோ கூன்ஸ்லி 1980இல் செய்த கறுப்பு ரப்பர் காப்பினுள் தங்க உருண்டை ஒன்று மறைந்திருக்கிறது. காப்பை வெட்டி அழித்தால் ஒழிய அதைப் பார்க்க முடியாது, அணிபவர் நம்பித்தான் அணிய வேண்டும். இரண்டிலும் உடலையோ அணிபவரையோ எடுத்துவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு.

எங்கள் வேலையிலிருந்து ஓர் உதாரணத்தை இனி வழிநெடுகப் பயன்படுத்துகிறேன். நாங்கள் எழுதிய வாக்கியம் இது: 'இந்தக் காப்பை அணிபவரால் தனியாகப் பூட்ட முடியாது, இன்னொருவரின் கை வேண்டும்.' எழுதிய அன்றே ஒரு திருத்தத்தையும் சேர்த்தோம்: 'ஆனால் தனியாகக் கழற்ற முடியும்.' கை வீங்கினாலோ, காப்பு எதிலாவது சிக்கினாலோ, உதவிக்கு ஆள் இல்லாத நேரத்தில் அணிபவர் அதை உடனே கழற்றியாக வேண்டும். கருத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கழற்றும் வழியை மூடாதீர்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய பிழை, ஒரே நகையில் மூன்று கருத்துகளை வைப்பது. இருவர் சேரும்போது ஆளுக்கொரு கருத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், இருவருக்கும் பொதுவாக மூன்றாவதையும் சேர்த்துவிடுவார்கள். மற்ற இரண்டையும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வையுங்கள்; அவை அடுத்த நகைகளாகும்.

4. தனித்தனியே வரைந்து, பிறகு மாற்றிக்கொள்ளுதல்

வாக்கியம் உறுதியானதும் இருவரும் வெவ்வேறு அறைகளில் அமர்ந்து, பேசாமல், ஆளுக்குப் பத்து வரைபடங்கள் போடுங்கள். ஒரே மேசையில் அமர்ந்தால் முதலில் கோடு போடுபவரின் வடிவத்தையே மற்றவரும் சுற்றி வருவார். சிறு வயதிலிருந்து ஒருவரையொருவர் பார்த்து வரைந்து பழகியவர்களிடம் இந்த ஈர்ப்பு இன்னும் வலுவானது.

பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, மற்றவரின் வரைபடங்களில் மூன்றைத் தேர்ந்து அவற்றை உங்கள் கையால் மீண்டும் வரையுங்கள். கருத்துச் சொல்லாமல் வரைவது முக்கியம். அவர் அந்த வளைவை ஏன் அங்கே வைத்தார் என்பது வாயால் கேட்கும்போது புரிவதைவிடக் கையால் பின்தொடரும்போது விரைவாகப் புரியும். எங்கே அவருடைய கை தயங்கியது என்பதும் தெரியும்.

சமாதானத்துக்காக இடப்பாதியை ஒருவரின் வரைபடத்திலிருந்தும் வலப்பாதியை மற்றவரின் வரைபடத்திலிருந்தும் எடுத்து ஒட்டுவதைத் தவிர்க்கவும். அப்படிச் செய்த நகைகளில் ஒட்டிய கோடுதான் முதலில் கண்ணில் படும். ஒருவரின் வரைபடத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு, மற்றவர் அதன் பூட்டு, பின்புறம், உட்புறம் போன்ற ஒரு பகுதியை முழுமையாக மாற்றியமைப்பது நன்றாக வரும்.

5. உடலில் மாதிரி செய்து பார்த்தல்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். காகிதத்தில் அழகாக இருந்த நகை உடலில் திரும்பிக்கொள்ளும், தொங்கும், குத்தும், காணாமலும் போகும்.

முதலில் உண்மையான அளவில் அட்டையாலும் கம்பியாலும் வடிவத்தைச் செய்து அணியுங்கள். கைகளை மேலே தூக்குங்கள், குனிந்து காலணி மாட்டுங்கள், மேலங்கியைப் போட்டுக் கழற்றுங்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளுங்கள். இருவரும் மாறி மாறி அணிய வேண்டும்; உடன்பிறந்தோருக்கு ஒத்த உடலமைப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் அணிந்து பார்ப்பது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். எனக்கும் தம்பிக்கும் மணிக்கட்டுச் சுற்றளவில் 22 மி.மீ. வேறுபாடு.

காப்பின் அட்டை மாதிரியை நாங்கள் செய்தபோது, பூட்டின் இரு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தியபடி இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று அமைத்திருந்தோம். ஒரு கையால் முடியாது என்று நான் உறுதியாக நம்பினேன். தம்பி மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்துக் கீழ்ப் பொத்தானை விளிம்பால் அழுத்தி, மேல் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, "அக்கா, பூட்டிட்டேன்" என்றான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பொத்தான்களை 3 மி.மீ. ஆழக் குழிக்குள் இறக்கியதும் விரல் நுனியைத் தவிர வேறெதுவும் உள்ளே போகவில்லை. மேசை விளிம்பு பயனற்றுப் போனது. வெள்ளியில் செய்த பிறகு இதைக் கண்டிருந்தால் முழுக் காப்பையும் உருக்க வேண்டி வந்திருக்கும். மாதிரியைச் செய்யாத மற்றவர், கருத்தை முறியடிக்க மெய்யாகவே முயல வேண்டும் என்ற விதியை அன்றுதான் சேர்த்துக்கொண்டோம்.

அடுத்து எடை. வடிவம் சரியானதும், உலோகத்தில் அது எவ்வளவு எடை வரும் என்று கணக்கிட்டு, அதே எடைக்குக் களிமண்ணையோ நாணயங்களையோ மாதிரியில் ஒட்டி மீண்டும் அணியுங்கள். ஒரு கன செ.மீ. அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் ஏறக்குறைய 4.5 கிராம், பித்தளை ஏறக்குறைய 8.5 கிராம், செம்பு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு, 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) ஏறக்குறைய 10.4 கிராம், தூய தங்கம் 19.3 கிராம். நீளம் 170 மி.மீ., அகலம் 20 மி.மீ., தடிப்பு 1 மி.மீ. உள்ள காப்புத் தகட்டின் கன அளவு 3.4 கன செ.மீ.; அது வெள்ளியில் ஏறக்குறைய 35 கிராம், பித்தளையில் 29 கிராம், அலுமினியத்தில் 9 கிராம். மெழுகில் செதுக்கி வார்ப்பதாக இருந்தால், மெழுகின் எடையைப் பத்தரையால் பெருக்கினால் வெள்ளியின் எடை தோராயமாகக் கிடைத்துவிடும்.

உடலின் ஒவ்வோர் இடமும் எடையை வெவ்வேறு விதமாகத் தாங்குகிறது. காதில் தொங்கும் அணி ஒன்று 10 கிராமைத் தாண்டினால் நான் கவலைப்படத் தொடங்குவேன்; கருத்து கனத்தைக் கேட்டால் காதுமடலின் மேற்பகுதியிலோ கூந்தலிலோ ஒரு தாங்கியைச் சேர்ப்பேன். கழுத்தணியின் எடையைப் பிடரியில் படும் பகுதியே தாங்குவதால், அங்கே மெல்லிய கம்பியை வைக்காமல் அகன்ற பட்டையை வையுங்கள். அகலமான மோதிரம் மெல்லிய மோதிரத்தைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால், விரல் அளவை அதே அகலமுள்ள வளையத்தால் எடுக்க வேண்டும்.

உடையில் குத்தும் புரூச்சில்தான் புதியவர்கள் மிக அதிகமாகத் தவறுகிறார்கள். ஊசி நகையின் நடுவில் இருந்தால் நகை முன்னோக்கிக் கவிழும். உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில், எடை மையத்துக்கு மேலே ஊசியை வையுங்கள். அகலமான புரூச் சுழலாமல் இருக்க இரட்டை ஊசி உதவும். பின்புறமிருந்து பார்க்கும்போது கீல் வலப்பக்கமும் கொக்கி இடப்பக்கமும், கொக்கியின் வாய் கீழ்நோக்கியும் இருப்பது வழக்கம். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு அது எளிது, ஊசி தற்செயலாகக் கழன்றாலும் நகை உடனே விழாது.

6. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

எடையும் வடிவமும் உறுதியான பிறகுதான் பொருள். பலர் கையில் அழகான கல்லோ பழைய துணியோ இருக்கிறது என்று தொடங்கி, அதற்கேற்பக் கருத்தை வளைக்கிறார்கள். பொருளே கருத்தாக இருந்தால் ஒழிய இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தோலைத் தொடும் பகுதியை முதலில் பாருங்கள். நிக்கல் ஒவ்வாமை பரவலானது. ஐரோப்பிய ஒன்றிய விதி, தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்றும், குத்திய துளையில் நுழையும் பகுதிகளுக்கு அது 0.2 மைக்ரோகிராம் என்றும் வரம்பிடுகிறது. நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த அளவைப் பின்பற்றுவது நல்லது. செம்பு தோலில் விடும் பச்சைக் கறை ஒவ்வாமையின் அடையாளம் அன்று; அதைத் தடுக்க வேண்டுமா, கருத்தின் பகுதியாக ஏற்க வேண்டுமா என்பதை இருவரும் பேசி முடிவெடுங்கள்.

அடுத்த கேள்வி வெப்பம். முத்து, பவளம், அம்பர், ஓப்பல், மரம், துணி, பிளாஸ்டிக் ஆகியவை பொடி வைத்து ஊதும் வெப்பத்தைத் தாங்கா. இவற்றில் ஒன்று இருந்தாலும், அது சேரும் இடம் ரிவெட் (துளையில் கம்பியைச் செருகி இரு முனைகளையும் தட்டி விரிப்பது), தையல், பல் மடிப்பு (உலோகப் பற்களைப் பொருளின் மேல் மடித்துப் பிடிப்பது), திருகு போன்ற வெப்பமில்லாத இணைப்பாக இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே குறியுங்கள். சிப்பியையும் பிசினையும் அராவும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. ஈரப்படுத்தி அராவுங்கள், தூசியை வடிகட்டும் முகக்கவசத்தை இருவரும் அணியுங்கள். அராவாமல் அருகில் உட்கார்ந்திருப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

7. வேலையைப் பிரித்துக்கொள்ளுதல்

'நான் வடிவமைப்பேன், நீ செய்' என்று பிரிப்பது உடன்பிறந்தோரிடையே வெகு சீக்கிரம் கசப்பில் முடிகிறது. செய்பவருக்குத் தன் கையால் எழும் முடிவுகளுக்கு மதிப்பில்லை என்று தோன்றும். வடிவமைப்பவருக்குத் தன் கோடுகள் சிதைக்கப்படுவதாகத் தோன்றும். நகையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வடிவத்தையும் செய்முறையையும் ஒருவரிடமே ஒப்படையுங்கள். எங்கள் காப்பில் பூட்டு முழுவதும் தம்பியுடையது, கீலும் வெளித்தகடும் என்னுடையவை.

இப்படிப் பிரித்தால் இரு பகுதிகளும் சந்திக்கும் இடம் ஆபத்தான இடமாகிறது. அந்த இடத்துக்கு மட்டும் தனி வரைபடம் வரைந்து, தடிப்பு, அகலம், துளையின் விட்டம், எந்தப் பக்கம் எவ்வளவு இடைவெளி ஆகியவற்றை எண்களால் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். வாய்மொழியாக 'கொஞ்சம் இடம் விட்டு' என்று சொன்னால், இருவரின் கொஞ்சமும் வேறாக இருக்கும்.

முதல் பகுதியில் ஒரே அளவி என்று சொன்னதன் காரணம் இங்கே வருகிறது. காப்பின் கீலில் ஐந்து குழல் துண்டுகள். மூன்று ஒரு பாதியிலும் இரண்டு மறு பாதியிலும் மாறி மாறி அமரும். மூன்றை நானும் இரண்டைத் தம்பியும் வெட்டினோம். என்னுடைய பழைய அளவி முழுதாக மூடிய நிலையிலேயே 0.3 மி.மீ. காட்டியதை நான் கவனிக்கவில்லை. என் துண்டு ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. குட்டையாக வந்து, மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1 மி.மீ. ஆட்டமாகிவிட்டது, கீல் கடகடவென்று ஆடியது. துண்டுகளைப் புதிதாக வெட்டினோம். அன்றிலிருந்து பட்டறையில் ஒரே அளவிதான், ஒவ்வொரு காலையும் அது மூடிய நிலையில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வேலை.

அரங்களைப் பொறுத்தவரை நேர்மாறான விதி. ஈயம் கலந்த பொடியுடனோ அலுமினியத்துடனோ ஒருவர் வேலை செய்தால், அவருடைய அரமும் மேசையும் வெள்ளி வேலை செய்பவரிடம் வரக் கூடாது. அவற்றின் துகள் ஒட்டிய வெள்ளியைச் சூடாக்கினால், துகள் உள்ளே அரித்துக் குழி விழும். அந்தக் குழியை மெருகால் மறைக்க முடியாது.

8. செய்முறையின் வரிசை

இருவர் தனித்தனியே பகுதிகளைச் செய்யும்போது, ஒருவர் முடித்துவிட்ட பகுதியை மற்றவரின் நெருப்பு கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது. ஆகவே குறிப்பேட்டில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே நெருப்பு வேலைகளையும் கீழே நெருப்பில்லா வேலைகளையும் எழுதுங்கள். மேலே உள்ள கடைசி வேலை முடியும்வரை, கீழே உள்ள எதையும் எவரும் தொடக் கூடாது.

பொடி வைத்து ஊதும்போது உயர்ந்த வெப்பத்தில் உருகும் பொடியில் தொடங்கி, இடைநிலைப் பொடிக்கும், பிறகு குறைந்த வெப்பத்தில் உருகும் பொடிக்கும் இறங்குங்கள். 925 வெள்ளி ஏறக்குறைய 890 டிகிரி செல்சியசில் முழுவதும் உருகிவிடும். பொடிகள் அதற்குக் கீழே, படிப்படியாக உருகுவதால்தான் முந்தைய இணைப்பு பிரியாமல் அடுத்ததைச் செய்ய முடிகிறது. எந்த இணைப்புக்கு எந்தப் பொடி வைத்தீர்கள் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த நாள் மற்றவர் அதே துண்டைச் சூடாக்கும்போது அவருக்கு அது தெரிந்தாக வேண்டும். காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பொடி எதுவானாலும் வாங்காதீர்கள்.

ஊதும்போது பூசிய வெங்காரம் ஒட்டியிருக்கும் வெள்ளியைச் சுத்தம் செய்ய அமிலக் கரைசலில் இடும்போது செம்பு இடுக்கியையோ பிளாஸ்டிக் இடுக்கியையோ பயன்படுத்துங்கள். இரும்புச் சாமணம் கரைசலில் பட்டால், கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்து இளஞ்சிவப்பாகிவிடும்.

நெருப்பு வேலை முடிந்ததும், பகுதிகளைச் சேர்க்கும் முன்பே மெருகேற்றவோ கருமையேற்றவோ வேண்டும். சேர்த்த பிறகு இடுக்குகளுக்குள் கை போகாது. ஊசி, கொக்கி, வில் (ஸ்பிரிங்) போன்ற பகுதிகள் சூட்டில் மென்மையாகியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். அவற்றைச் சற்று முறுக்கியோ தட்டியோ மீண்டும் விறைப்பாக்குங்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகு ஊசியை இறுதியில் ரிவெட் அடித்துச் சேருங்கள்.

ரிவெட்டுக்குத் துளையின் விட்டமும் கம்பியின் விட்டமும் ஒன்றாக, கம்பி சற்றே இறுக்கமாக நுழைய வேண்டும். இருபுறமும் கம்பி விட்டத்தின் பாதி அளவு நீட்டிக்கொண்டிருந்தால் தலை நன்றாக விரியும். அதிகம் நீட்டினால் கம்பி உள்ளேயே வளைந்துவிடும். பல துளைகள் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலேயே துளைக்காமல், ஒன்றைத் துளைத்து ரிவெட் அடித்த பிறகு அடுத்ததைத் துளையுங்கள். அப்போதுதான் இரு தகடுகளின் துளைகளும் விலகாது.

பசையைக் கடைசி வழியாகவே பார்க்கிறேன். இரு பகுதி எபாக்சி சில நிமிடங்களில் இறுகியதாகத் தோன்றினாலும், வகையைப் பொறுத்து முழு வலிமை பெற ஒரு நாள் வரை ஆகலாம். அதற்குள் அணிந்து பார்க்கும் அவசரத்தில்தான் பல இணைப்புகள் பிரிகின்றன.

9. அணிந்து சோதித்தல்

முடிந்த நகையை முதலில் பொறுப்பாளர் அல்லாதவர் ஒரு முழு நாள் அணிய வேண்டும். எங்கே அரித்தது, எங்கே துணி இழை சிக்கியது, எந்த நேரத்தில் அதைக் கழற்றிவிடத் தோன்றியது என்பதை அன்றே எழுதச் சொல்லுங்கள். மறுநாள் பொறுப்பாளர் அணியலாம்.

மூன்றாவதாக, குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் எதையும் விளக்காமல் கொடுங்கள். இதைத் தவிர்க்க எல்லோருக்கும் ஆசை வரும். உங்கள் இருவருக்கும் ஒரு நினைவு பொதுவாக இருப்பதால், நகையில் இல்லாத பொருளைக்கூட நீங்கள் அதில் கண்டுவிடுவீர்கள். அந்த மூன்றாமவருக்கு நகை மட்டுமே கையில் இருக்கிறது. எங்கள் காப்பை அப்படிக் கையில் வாங்கிப் பார்த்த நண்பர் இரண்டு முறை முயன்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றவரிடம் கையை நீட்டினார். வாக்கியம் நகைக்குள் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறுதியானது. அவர் 'பூட்டு பழுதா?' என்று கேட்டிருந்தால் குழியின் வடிவத்தை மாற்றியிருப்போம், ஏனெனில் அந்தக் கேள்வி கருத்து கோளாறாகத் தெரிகிறது என்பதற்கு அடையாளம்.

10. படமும் பெயரும்

நகையைத் தனியாக ஒரு படமும், உடலில் ஒரு படமும், பின்புறத்தை ஒரு படமும் எடுங்கள். உடலில் எடுத்த படம் இல்லாமல் கருத்துநகையை எவரிடமும் காட்டாதீர்கள். அதன் அளவும் செயலும் அதில்தான் தெரியும். எங்கள் காப்புக்கு இரண்டு பேரின் கைகளும் உள்ள படமே முதன்மைப் படம்.

விவரக் குறிப்பில் ஆண்டு, பொருள்கள், மி.மீ. அளவுகள், எடை, இருவரின் பெயர் ஆகியவை போதும். யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்பதை வெளியே சொல்வதா என்பது உங்கள் விருப்பம், ஆனால் குறிப்பேட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும். கூட்டுப் பெயரில் கையொப்பமிடுவதாக இருந்தால், ஒருவர் தனியாகச் செய்யும் நகைக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தலாமா என்பதையும் எழுதுங்கள். ஒரே நகையைப் பல பிரதிகளாகச் செய்யும்போது எத்தனை பிரதிகள் என்பதை முதல் பிரதி விற்கும் முன்பே முடிவுசெய்து, ஒவ்வொன்றிலும் எண்ணைப் பொறியுங்கள். பிறகு அந்த எண்ணிக்கையைக் கூட்டுவது முதலில் வாங்கியவருக்குச் செய்யும் துரோகம்.

11. பழுதுபார்ப்பதற்கான ஏற்பாடு

அணியப்படும் பொருள் தேயும். ஊசி வளையும், வில் தளரும், நூல் அறும். ஒவ்வொரு நகைக்கும் உதிரியாக ஒரு ஊசி, ஒரு வில், இரண்டு ரிவெட்டுக்கான கம்பித் துண்டு ஆகியவற்றை ஒரு சிறு உறையில் இட்டு, மேலே நகையின் பெயரையும் குறிப்பேட்டின் பக்க எண்ணையும் எழுதி வையுங்கள்.

பொடியின் வகை, கம்பியின் விட்டம், கருமையேற்றிய முறை ஆகியவை அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூட்டைச் செய்தவர் ஊரில் இல்லாத நாளில் நகை பழுதுக்கு வந்தால், மற்றவர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடிய வேண்டும். இதைச் சோதிக்க, விற்பதற்கு முன் ஒருமுறை பகுதிகளை மாற்றிக்கொண்டு, ஒருவர் செய்ததை மற்றவர் பிரித்துச் சேர்த்துப் பாருங்கள். தம்பியின் பூட்டைப் பிரிக்க எனக்கு முதல் முறை ஒரு மணி நேரம் ஆனது. வில் எந்தப் பக்கம் நோக்கியிருக்கும் என்ற ஒரு வரி குறிப்பேட்டில் விடுபட்டிருந்தது, அதை அவனே வந்து எழுதினான்.